மூன்று கேமராக்களும் ஷெர்லினும்

ஜூன் 1, ஞாயிறு

காலை எட்டு மணிக்கே அனல். கோயிலில் பாதிப் பேர் விசிறிக்கு நேர் கீழே. திருவிருந்து ஞாயிறு, பெண்கள் எல்லோரும் வெள்ளைப் புடவை. வழக்கம்போல என் ஃபோனில் லைவ். ஒன்றே முக்கால் மணி நேரம். ஃபோன் தோசைக்கல்லாகச் சுட்டது. பின்பக்கம் ஈரத் துணி ஒட்டிச் சமாளித்தேன்.

ஆராதனை முடிந்ததும் செயலர் தேவராஜ் அண்ணன் மைக்கைப் பிடித்தார். சபைக்குக் கேமரா வாங்கப் போகிறார்களாம். ஒன்றல்ல, மூன்று. எனக்கு ஒரே சந்தோஷம். லாக்டவுனில் ஒருத்தரும் சீண்டாத வேலை இது. ஸ்டூல், ஸ்டூல் மேல் அரிசி டப்பா, டப்பா மேல் ஃபோன் என்று ஆரம்பித்தவள் நான். ஐந்து வருஷம். மகள் ப்ரின்சிக்கு அம்மை போட்ட வாரம் தவிர ஒரு ஞாயிறு விட்டதில்லை. துபாயில் இருப்பவர்கள், படுக்கையில் கிடப்பவர்கள், எல்லோரும் எனக்குத்தான் மெசேஜ் போடுவார்கள். ஒரகடம் கம்பெனியில் நான் வெறும் க்யூ.சி. சுகந்தி, கார் பாகத்தில் கீறல் தேடுகிறவள். கோயிலில் ‘லைவ் அக்கா’.

அடுத்து அண்ணன் சொன்னது: “கேமரா செலக்ட் பண்றதுக்கு நம்ம ஷெர்லின் தங்கச்சி ஹெல்ப் பண்ணும். காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் கேமராவத்தான் பாத்துகினு கீது அது.”

ஷெர்லின். வந்து மூன்று மாதம். தூத்துக்குடிப் பக்கம். சுங்குவார்சத்திரம் ஹாஸ்டல். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஃபோன் கேமரா டெஸ்ட் பண்ணும் லைன். வயது இருபத்துநாலு. எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். எழுந்து நின்று கைகூப்பினாள், கல்யாணப் பெண் மாதிரி.

ஐந்து வருஷமாக நான் பார்த்துக்கொண்டிருந்தது என்ன, கத்திரிக்காயா?

ஜூன் 3, செவ்வாய்

ஓ.டி. கம்பெனி பஸ்ஸில் எழுதுகிறேன், கையெழுத்து ஆடும். ஷெ. மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். ‘அக்கா, கேமரா பாக்கதுக்கு முன்னாடி இதெல்லாம் தெரியணும்’ என்று ஆரம்பித்து,

பின்சுவரில் இருந்து பீடம் எத்தனை அடி?
ட்யூப்லைட் எத்தனை, எல்.இ.டி. எத்தனை?
ஐயா நின்று பேசுவாரா, நடந்து பேசுவாரா?
கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஓட எவ்வளவு நேரம் ஆகும்?

அத்தனையும் நல்ல கேள்வி. அதுதான் எரிகிறது. அத்தனைக்கும் எனக்குப் பதில் தெரியும். ஐந்து வருஷத்தில் என்னிடம் ஒருத்தர் கேட்டதில்லை.

பதில் போட்டேன். 62 அடி. ட்யூப் 8, எல்.இ.டி. 6, பீடத்துக்கு மேல் இருக்கும் எல்.இ.டி. படத்தில் கோடு கோடாக ஓடும். போதகர் ஐயா நடப்பார், பிரசங்கம் சூடு பிடித்தால் ஓடவும் செய்வார். ஜெனரேட்டர், கோயில் பணியாள் டீக்கடையில் இல்லாவிட்டால் ஒரு நிமிஷம்.

விழுந்து விழுந்து சிரிக்கிற பொம்மை ஒன்று அனுப்பினாள். நான் சிரிக்கவில்லை.

வாங்க: துவரம்பருப்பு, ப்ரின்சிக்கு ஜாமெட்ரி பாக்ஸ், தலைவலித் தைலம்.

ஜூன் 5, வியாழன்

ஷிப்டு முடிந்து இறங்கினால் கோயில் வாசலில் ஷெ. நிற்கிறாள், கையில் டேப். கூடவே என் மகள். வீட்டில் ஒரு சொம்பு தண்ணீர் கேட்டால் எடுத்துத் தர மாட்டாள். அங்கே டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு சுவர் சுவராக ஓடுகிறாள். “ஷெர்லின் அக்கா, இங்க இருவத்தி ஏழு! ஷெர்லின் அக்கா, இங்க பாருங்க!”

ஷெ. என் பழைய வீடியோக்களை எல்லாம் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள்.

“அக்கா, தப்பா நெனைக்காதிய. ஒங்க வீடியோ பூரா ஐயா ஒரு ஓரத்துல நிக்காவ, மீதி எல்லாம் சொவரு. ஏங்க்கா அப்பிடி?”

தேவராஜ் அண்ணன் முந்திக்கொண்டார். “நானும் ரெண்டு வருசமா சொல்லிகினு கீறேன். சுகந்தி கைக்கே ஒரு கோணல் மா.”

“ஸ்டாண்டு சரியில்ல” என்றேன்.

ஸ்டாண்டு நன்றாகத்தான் இருக்கிறது. காரணம் கலா. இங்கே எழுதலாம், இதை யாரும் படிக்கப் போவதில்லை. பிரசங்க மேடை பெண்கள் பக்கம். ஆண்கள் பக்கச் சுவரில் ஃபோனை வைத்து மேடையை நேராக எடுத்தால், முன்வரிசைப் பெண்கள் முகமும் சேர்ந்து விழும். இரண்டாவது பெஞ்சு, பக்கவாட்டுக் கதவோரம், கலா உட்காரும் இடம். கம்பெனி கேன்டீனில் வேலை செய்கிறாள். விழுப்புரம் பக்கத்தில் இருந்து புருஷனை விட்டு ஓடி வந்தவள். மணிக்கட்டை உடைத்திருக்கிறான், இப்போதும் அந்தக் கையால் குடம் தூக்க மாட்டாள். அவன் அக்கா கோயிலுக்குப் போகிறவள், எந்தச் சபை லைவ் வந்தாலும் விடாமல் பார்ப்பாளாம். வந்த புதிதில் கலா என் கையைப் பிடித்துச் சொன்னாள்: “அக்கா, என் மூஞ்சி மட்டும் வோணாக்கா. பாத்தான்னா அடுத்த பஸ்ஸு புடிச்சு வந்துடுவான்.” நான் வாக்குக் கொடுத்தேன். அன்றிலிருந்து ஃபோனைச் சுவர் பக்கம் தள்ளித்தான் வைக்கிறேன். இரண்டு வருஷம். ஐயாவுக்குக்கூடத் தெரியாது.

ஷெ.விடம் அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. இல்லை, தோன்றியது. அடி, லைட்டு, ஒயரு எல்லாம் அவளுக்குத் தெரிகிறது. அவளுக்குத் தெரியாதது ஒன்றே ஒன்று, அது என்னிடம் இருக்கிறது. அதையும் தூக்கிக் கொடுத்துவிட்டால் அப்புறம் நான் எதற்கு?

“சரிக்கா, புதுசுல நேராக்கிருவோம்” என்றாள்.

ஜூன் 7, சனி

மேகமூட்டம், புழுக்கம். கடைக்காரர் சென்னையில் இருந்து வேனில் கேமராக்களைக் கொண்டுவந்தார். நாளை ஆராதனைக்கு வைத்துப் பார்த்துவிட்டு எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் கல்யாண வீட்டுக்காரர்கள் வைத்திருக்கும் கேமரா. படம் அள்ளுகிறது. ஆனால் நம் ஊர்ச் சூட்டில் முக்கால் மணி நேரத்தில் சூடாகி அணைந்துவிடுமாம். ஷெ. ஓடவிட்டு மணி பார்த்தாள், நாற்பதாவது நிமிஷம் அணைந்தது. கடைக்காரர் முகம் செத்துப்போனது.

அடுத்து ஹேண்டிகேம் வகை. எத்தனை மணி நேரமும் ஓடும், பின்சுவரில் இருந்து ஐயாவின் மூக்குக் கண்ணாடி வரை ஜூம் போகிறது. வெளிச்சம் குறைந்தால் மட்டும் முகம் மங்கல். எனக்குப் பிடித்தது இதுதான்.

கடைசியாகச் சுவரில் மாட்டுவது. தானே திரும்பும். ஒருத்தர் மேஜை முன்னால் உட்கார்ந்து ஜாய்ஸ்டிக் குச்சியை ஆட்டினால் போதும். ஆளைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னாலேயே போகவும் செய்யும் என்றார் கடைக்காரர். தேவராஜ் அண்ணனுக்கு ஐயாவின் வெள்ளை அங்கியை மாட்டி மேடையில் நிறுத்தினோம். அவர் பிரசங்கம் பண்ணுகிற மாதிரி கையைத் தூக்க, கோயில் பணியாள் துடைப்பத்தோடு குறுக்கே போக, கேமரா அண்ணனை விட்டுவிட்டுத் துடைப்பத்தின் பின்னால் போய்விட்டது. கதவு வரை போனது. நானே வாய்விட்டுச் சிரித்தேன்.

அங்கி வெள்ளை, அண்ணன் முகம் கருப்பு. திரையில் அங்கி மட்டும் தெரிந்தது, முகத்தைக் காணோம். கடைக்காரர் எதையோ திருகிக்கொண்டிருந்தார். “அங்கிய வுட்டுடுங்க. மூஞ்சிக்கு வெளிச்சம் வைங்க. அங்கி வெளுத்தா வெளுத்துட்டுப் போவுது” என்றேன். ஃபோனில் எப்போதும் அப்படித்தான் செய்வேன்.

“அதான்! அக்கா கரெக்டா சொல்லுதாவ பாருங்க” என்றாள் ஷெ.

ஒரு நொடி குளிர்ந்துவிட்டது எனக்கு. அடுத்த நொடி என் மேலேயே கோபம். இந்தப் பொண்ணு சர்டிபிகேட் கொடுத்துத்தான் நான் குளிர வேண்டுமா?

மூன்றாவது கேமராவை ஆண்கள் பக்கச் சுவரில் மாட்டினாள். திரையில் பெண்கள் பக்கம் முழுவதும். பக்கவாட்டுக் கதவு. இரண்டாவது பெஞ்சு. மரத்தில் யாரோ கீறி வைத்த சிலுவைகூடத் தெரிந்தது. கலாவின் இடம்.

“பாட்டு நேரத்துல சனங்களையும் காட்டணும்க்கா. அப்பத்தான வீட்டுல இருந்து பாக்கவங்களுக்குக் கோயில்ல இருக்க மாரி இருக்கும்” என்றாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துத் தேவராஜ் அண்ணன்: “சுகந்தி, நாளைக்கு நீ ரெஸ்ட் எடு மா. ஷெர்லினு பாத்துக்கும். நீ பக்கத்துல உக்காந்து கத்துக்கோ.”

கத்துக்கோ!

வாயை மூடிக்கொண்டேன். கலாவுக்கு இந்த மாதம் ஞாயிறும் கேன்டீன் ட்யூட்டி, எப்படியும் வர மாட்டாள் என்று சொல்லிக்கொண்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

விடிகாலை மழை. இப்போது வெயில். பெந்தெகொஸ்தே பண்டிகை, கோயில் நிறைந்த கூட்டம்.

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

பின்னால் மேஜை. மூன்று சின்னத் திரை. ஷெ. நடுவில். நான் அவளுக்கு வலப்பக்கம், பிளாஸ்டிக் நாற்காலியில். இரவு ஷிப்டு முடித்து நேராக வந்திருக்கிறாள், கண் சிவந்திருக்கிறது. ஆனால் கை ஆடவில்லை. ஒன்று, இரண்டு, ஒன்று; முதல் கேமராவைச் சூடாகும் முன்பே அணைத்து ஆறவிடுகிறாள். ஐயா நடந்தால் கேமராவும் நடக்கிறது. கோடு இல்லை, மங்கல் இல்லை. அத்தனை அழகு. என் வயிறு எரிந்த எரிச்சலில் ஒரு படி அரிசி வெந்திருக்கும்.

இரண்டாம் பாட்டில் பக்கவாட்டுக் கதவு திறந்தது. கலா. ட்யூட்டி மாற்றிக்கொண்டு பண்டிகைக்கு வந்திருக்கிறாள். செருப்பைக் கழற்றிவிட்டு, முக்காடு போட்டு, இரண்டாவது பெஞ்சில். நான் பார்த்தேன். மூன்றாவது திரையில் அவள் உட்காருவதைப் பார்த்தேன்.

‘மூணு வேணாம்.’ இரண்டே வார்த்தை. நேரமும் இருந்தது. ஜெபம் ஆரம்பிக்கும் வரை இருந்தது. நான் சொல்லவில்லை. மறக்கவில்லை, பேச்சு அடைத்துப்போகவில்லை. இவள் ஒரு தப்பாவது பண்ணட்டும் என்று இருந்தேன்.

ஜெப நேரத்தில் ஷெ. மூன்றை அமுக்கினாள். கலா கண்ணை மூடி அழுதுகொண்டிருந்தாள். ஷெ. மெதுவாக ஜூம் பண்ணிக் கிட்டே போனாள். நெற்றி, கண், தாடை வரை இறங்கிய ஒரு சொட்டு. நான் எண்ணினேன். இருபத்துமூன்று நொடி. என்ன ஜென்மம் நான், முதலில் வந்த நினைப்பு ‘ஐயோ கலா’ இல்லை. ‘ஐந்து வருஷத்தில் நான் இப்படி ஒன்று எடுத்ததில்லையே’ என்பதுதான்.

முடிந்ததும் ஷெ.வைச் சுற்றிக் கூட்டம். “டி.வி. மாதிரி கீது!” “அந்தம்மா அழுவறத பாத்து நானே அழுதுட்டேன்.” ஐயா அவள் தலையில் கைவைத்து ஜெபித்தார். ஒருத்தி என்னிடம் வந்து, “லைவ் அக்கா, உனக்கு இனிமே வேல இல்ல, ஜாலிதான்” என்றாள். சிரித்து வைத்தேன்.

வீட்டுக்கு வந்தால் ப்ரின்சி ஃபோனில் கலா. அந்தத் துண்டை மட்டும் வெட்டி, பாட்டு சேர்த்து, ‘ஷெர்லின் அக்கா ஷாட்’ என்று ஸ்டேட்டஸ் போட்டிருக்கிறாள். எடு என்று கத்தினேன்.

“ஏன் எடுக்கணும்? நல்லாத்தான கீது.”

“எடுடீன்னா எடு.”

“உனக்குப் பொறாம மா. ஷெர்லின் அக்காவ எல்லாரும் நல்லா சொல்றாங்கன்னு பொறாம.”

கை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. அவள் எடுத்துவிட்டாள். அதற்குள் எத்தனை பேர் வாங்கி அனுப்பினார்களோ, என் நாத்தனார் மறைமலை நகரில் இருந்து எனக்கே அனுப்பியிருந்தாள், கண்ணீர்ப் பொம்மையோடு.

ஜூன் 10, செவ்வாய்

கலாவுக்கு ஞாயிறு மாலையில் இருந்து ஃபோன் போட்டுக்கொண்டே இருக்கிறேன். ரிங் போகிறது, எடுக்கவில்லை. இன்று ஸ்விட்ச் ஆஃப். கேன்டீனுக்கு ஆள் அனுப்பிக் கேட்டேன். நேற்றில் இருந்து வரவில்லையாம்.

கமிட்டி கூடி முடிவெடுத்தாயிற்று. சுவரில் மாட்டுவது இரண்டு, ஹேண்டிகேம் ஒன்று. ஷெ. சொன்னபடியே. மூன்றும் ஒரே கம்பெனியாக இருந்தால்தான் நிறம் ஒத்துப்போகும் என்றாளாம், அதையும் கேட்டுக்கொண்டார்கள். ஹேண்டிகேம் மட்டும் நான் சொன்னதற்காகச் சேர்த்ததாம். பிச்சை.

லைனில் இன்று இரண்டு கீறலைத் தவறவிட்டேன். சூபர்வைசர் திட்டினான். சரிதான் என்று நின்றேன்.

ஜூன் 12, வியாழன்

லஞ்ச் நேரம். தெரியாத நம்பர். எடுத்தால் கலா.

ரூமைக் காலி செய்துவிட்டாளாம். திங்கள் காலை அவன் அவள் அம்மா வீட்டு வாசலில் நின்று, ஃபோனில் படத்தைக் காட்டி, ‘இந்தக் கோயிலு எங்க கீது?’ என்று கேட்டிருக்கிறான். அம்மா சொல்லவில்லை. ஆனால் ஐயாவுக்குப் பின்னால் சுவரில் சபை பெயரும் ஊர் பெயரும் பெரிதாக எழுதியிருக்கிறதே.

“இப்ப எங்க கலா கீற?”

“அது வோணாக்கா. உனக்குத் தெரிஞ்சா உன்ன வந்து கேப்பான், நீ மாட்டிப்ப.”

அவளே பேசினாள்.

“அந்தப் பொண்ணு மேல எனக்குக் கோவம் இல்லக்கா. அதுக்கு இன்னா தெரியும், பாவம். நீ உக்காந்திருந்தா என்னக் காட்டியிருப்பியா?”

நான் மேஜையில் இருந்ததை அவள் பார்க்கவில்லை. முன்பெஞ்சுக்காரி திரும்பிப் பார்ப்பாளா? அங்கேயே, அப்போதே, நான் இருந்தேன் கலா, ஒரு கை தூரத்தில் இருந்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும்.

“மாட்டேன்” என்றேன்.

“அதான்க்கா” என்றாள். பஸ் ஹாரன் சத்தம் கேட்டது. வைத்துவிட்டாள்.

தட்டில் இருந்ததை அப்படியே கொட்டினேன்.

ஜூன் 14, சனி

கேமராக்கள் வந்துவிட்டன. ஷெ. இன்று விடுப்புப் போட்டு மாட்டினாளாம். மாலையில் க்ரூப்பில் யார் யார் எங்கே என்று எழுதிப் போட்டிருக்கிறாள். ‘மெயின் மேஜை: சுகந்தி அக்கா. ஹெல்ப்: ஷெர்லின்.’ தேவராஜ் அண்ணன் கேட்டதற்கு, “கோயில் பத்தி அக்காவுக்குத்தான் தெரியும், நா வெறும் மிசினு பாக்கவ” என்றாளாம். அண்ணன் இதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்தார்.

விட்டுக்கொடுக்கவும் இவளுக்குத்தான் தெரிகிறது. அதிலும் பெயர் இவளுக்குத்தான்.

கலா விஷயத்தை அவளுக்கு மெசேஜாக அடித்தேன். முழுதாக அடித்தேன். படித்துப் பார்த்தால், ‘நீ அன்னைக்குக் காட்டினது யார் தெரியுமா’ என்று ஆரம்பிக்கிறது. ‘நீ’. அழித்தேன். ‘நான்’ என்று மறுபடி ஆரம்பித்தேன். இரண்டாம் வரிக்குப் போகவில்லை. அதையும் அழித்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

வெயில். காற்றே இல்லை.

நடு நாற்காலி எனக்கு. முதல் வேலையாக மூன்றாவது கேமராவைப் பாடகர் குழு பக்கம் திருப்பினேன். “சனங்களைக் காட்டலையாக்கா?” என்றாள் ஷெ. “பெஞ்சு வேணாம். இனிமே எப்பவும் வேணாம்” என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. சரிக்கா என்றாள்.

நன்றாகவே போனது. குச்சி கைக்குப் பழகிவிட்டது. துபாயில் இருந்து மூன்று பேர் ‘லைவ் அக்கா சூப்பர்’ என்று போட்டார்கள். நான் கேட்டதெல்லாம் இதுதான். கிடைத்துவிட்டது.

முடிந்து ஒயர் சுற்றிக்கொண்டிருந்தோம். வாசலில் கோயில் பணியாள் யாரிடமோ என்னைக் கைகாட்டுவது தெரிந்தது. “லைவ் அக்காவா? அதோ, அவங்கதான்.”

வந்தவன் நாற்பது இருப்பான். வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டது. தலை படிய வாரியிருந்தான். கையில் ஆப்பிள் பை. எப்படி எப்படியோ நினைத்து வைத்திருந்தேன். கண்டக்டர் மாதிரி, பால்காரர் மாதிரி, சாதாரணமாக இருந்தான். ஃபோனைத் திருப்பிக் காட்டினான். கலா முகம், தாடையில் அந்தச் சொட்டு.

“இது என் வூட்டுக்காரிங்க. கோச்சுக்கினு வந்துட்டா. எங்க தங்கினு கீறான்னு தெரியுமாங்க?”

“தெரியாது. அன்னைக்கு மட்டும் வந்தாங்க. யாருன்னே தெரியாது” என்றேன்.

தலையை ஆட்டினான். நம்பினானா, தெரியவில்லை. “பரவால்லீங்க. இந்தப் பக்கந்தான் கீறான்னு தெரிஞ்சிடிச்சே, அது போதும். வாராவாரம் வரேன். ஒரு நாளைக்கு வருவா இல்ல?”

பையை மேஜை மேல் வைத்தான். இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டான். கண் கலங்கியிருந்தது, நிஜமாகவே.

“ரெண்டு வருசமா தேடாத எடமில்லீங்க. நீங்கதான் காட்டுனீங்க. உங்கள மறக்கவே மாட்டேங்க.”

பக்கத்தில் ஷெர்லின் ஒயரைப் பிடித்தபடி நின்றாள். அவளை அவன் திரும்பியும் பார்க்கவில்லை. நன்றி அத்தனையும் எனக்கே சொன்னான்.